நாலாம் நம்பர் சர்வர்

ஆறு சர்வரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. ஐந்து நிமிடத்தில் போன் அடிக்கும், எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம், அரை மணி நேரத்தில் காரணமும் தெரிந்துவிடும். ஆறில் ஒன்று மட்டும், அதுவும் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் மட்டும் மக்கர் பண்ணினால்தான் உயிர் போகிறது. பயனர் பக்கத்தை ஒரு தடவை ரீஃப்ரெஷ் செய்வார், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் அவரை வேறு சர்வருக்கு அனுப்பிவிடும், வேலை முடிந்துவிடும், அவர் புகார்கூடக் கொடுக்க மாட்டார். மீறிப் புகார் கொடுத்தவருக்கும் நாம் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இப்போ பாருங்க சார், எங்களுக்கு வருதே."

எங்களிடம் இப்படி இரண்டு மாதம் ஓடியது. பைத்தானில் எழுதிய ஒரு சேவை, பைத்தான் சேவைகளை ஓட்டும் குனிகார்ன் என்ற மென்பொருளில் ஓடுகிறது, ஆறு சர்வர், முன்னால் லோட் பேலன்சராக ஒரு எச்ஏப்ராக்ஸி. மாதத்தின் முதல் ஐந்து நாள் காலை பத்து மணிக்கு மேல் கூட்டம் அலைமோதும். அந்த நேரத்தில் சில கோரிக்கைகள் மட்டும் தோற்றுப்போகும். எங்கள் கோடு எல்லாப் பிழைகளையும் பிடித்து "டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை" என்று பொதுவாக ஒரே வரியில் லாக் எழுதிக்கொண்டிருந்தது, அதனால் முதல் மாதம் முழுக்க டேட்டாபேஸ் பக்கமே ஓடினோம். அங்கே இணைப்புகள் தாராளமாக மிச்சம் இருந்தன. இரண்டாவது மாதம்தான் பிழைகளை சர்வர் வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட எல்லாமே நாலாம் நம்பர் சர்வரிலிருந்து வந்தவை.

சரி, நாலு மட்டும் எதில் வித்தியாசப்படுகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம். அந்த ராத்திரிக்குப் பிறகு கிளஸ்டரை, அதாவது ஒரே வேலைக்கு வைத்த சர்வர் கூட்டத்தை, நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். ஆறு சர்வரிலும் அமைப்புகளை எழுதிவைத்த கான்ஃபிக் ஃபைல்களுக்கு, உள்ளடக்கம் ஒன்றுதானா என்று காட்டும் எம்டி5 எடுத்தோம். எல்லாம் ஒன்று. கர்னல் பதிப்பு ஒன்று. பைத்தான் பேக்கேஜ் பட்டியல் ஒன்று. ஒவ்வொரு சர்வரிலும் லாகின் செய்து, ஒரு ப்ராசஸ் (ஓடும் நிரல்) எத்தனை ஃபைல் திறக்கலாம் என்ற வரம்பை யூலிமிட் கமாண்டில் பார்த்தோம், ஆறிலும் 65536. சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் இந்தச் சேவைக்கு எத்தனை ஃபைல் திறக்க அனுமதி என்று கேட்டோம், அதுவும் ஆறிலும் 65536 என்றே சொன்னது. என்னுடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், புதிதாகச் சேர்ந்தவன், "அண்ணா, எல்லாமே ஒண்ணாத்தான் இருக்கு, நெட்வொர்க் ஆளுங்களைக் கூப்பிடலாமா" என்றான். நானும் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அவனே, ஏதோ தோன்றி, ஆறு சர்வரிலும் குனிகார்னின் தாய் ப்ராசஸ் எப்போது கிளம்பியது என்று எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தான். ஐந்து வரியில் ஜூன் 14. ஒரு வரியில் ஜனவரி 9. "அண்ணா, இது மட்டும் ஜனவரில இருந்து ஓடுதே?"

அந்த ப்ராசஸின் எண்ணை எடுத்துக்கொண்டு ஓடும் ப்ராசஸ்களின் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவுக்குள் போய் லிமிட்ஸ் என்ற ஃபைலைத் திறந்தால், திறக்கக்கூடிய ஃபைல்களின் எண்ணிக்கை 1024. மற்ற ஐந்திலும் 65536. முடிந்தது கதை. லினக்ஸில் ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்பும் ஒரு திறந்த ஃபைலாகத்தான் கணக்கு. கூட்டம் வந்தால் 1024 நிரம்பிவிடும், அதற்குமேல் டேட்டாபேஸுக்கு ஒரு இணைப்பு திறக்கக்கூட இடம் இருக்காது.

நாங்கள் பார்த்த மூன்று இடமும் எப்படி எங்களை ஏமாற்றின என்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றுமே பொய் சொல்லவில்லை, நாங்கள் கேட்காத கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லின. எம்டி5 சொன்னது டிஸ்கில் இருக்கும் ஃபைலைப் பற்றி. யூலிமிட் சொன்னது நாங்கள் லாகின் செய்த ஷெல்லைப் பற்றி. லிமிட்ஸ் கான்ஃப் ஃபைலில் நாம் எழுதுவது லாகினைச் சரிபார்க்கும் பாம் வழியாக லாகின் செய்பவர்களுக்குத்தான் பொருந்தும், சிஸ்டம்டி கிளப்பும் சேவைகளுக்கு அது பொருந்தாது. சிஸ்டம்டி சொன்னது அதன் நினைவில் இருக்கும் யூனிட்டை, அதாவது சேவையின் அமைப்பைப் பற்றி: அடுத்த தடவை கிளப்பினால் எவ்வளவு கொடுப்பேன் என்பதை. ஜனவரியில் கிளம்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்கு அன்று எவ்வளவு கொடுத்தது என்பதை அது சொல்லாது. ஓடும் ப்ராசஸிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்பது ப்ராக் அடைவில் மட்டும்தான் இருந்தது.

இதற்கு நடுவில் எத்தனையோ ரிலீஸ் போட்டிருக்கிறோமே, அப்போது ரீஸ்டார்ட் ஆகியிருக்காதா என்று கேட்பீர்கள். நாங்கள் ரிலீஸ் போடும்போது குனிகார்னுக்கு, கான்ஃபிக்கை மறுபடி படி என்று சொல்லும் ஹப் சிக்னல்தான் அனுப்புவோம். தாய் ப்ராசஸ் அப்படியே இருக்கும், அதன் கீழ் கோரிக்கைகளைக் கையாளும் வொர்க்கர்கள் மட்டும் செத்துப் புதிதாகப் பிறக்கும். புதிதாகப் பிறந்த வொர்க்கருக்கு லிமிட் எங்கிருந்து வருகிறது? தாயிடமிருந்து. ஆக நேற்றுப் பிறந்த வொர்க்கருக்கும் ஜனவரி மாத லிமிட்தான்.

ஜூன் 14 அன்று என்ன நடந்தது என்று பழைய லாகைத் தோண்டினோம். அன்றுதான் லிமிட்டை 65536 ஆக்க ஒரு சின்ன ஃபைலை, பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் அன்சிபில் மூலம் ஆறு சர்வருக்கும் அனுப்பியிருக்கிறோம். ஃபைல் மாறினால் சேவையை ரீஸ்டார்ட் செய் என்று ஒரு ஹேண்ட்லர் உண்டு. அன்சிபில் அந்த ஹேண்ட்லரை உடனே ஓட்டாது, ப்ளேயின், அதாவது வேலைப் பட்டியலின், கடைசியில்தான் ஓட்டும். நாலாவது சர்வரில் ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்கு அடுத்த ஒரு வேலையில், பேக்கேஜ் எடுக்கும் இடத்தில் டைம் அவுட் ஆகி, அந்த சர்வருக்கு மட்டும் ப்ளே நின்றுபோனது. ஹேண்ட்லர் ஓடவில்லை. சிவப்பைப் பார்த்தவர் மறுபடி ஓட்டியிருக்கிறார். இந்தத் தடவை ஃபைல் ஏற்கெனவே சரியாக இருக்கிறது, அதனால் "மாற்றம் எதுவும் இல்லை" என்று பச்சை. மாற்றம் இல்லாததால் ஹேண்ட்லருக்குச் சேதியும் போகவில்லை. ஆறும் பச்சை. வீட்டுக்குப் போய்விட்டோம். அதற்கப்புறம் ஏதோ ஒரு பேக்கேஜ் நிறுவும்போது சிஸ்டம்டி ரீலோடு ஆகி, யூனிட்டின் கணக்கிலும் 65536 ஏறிவிட்டது, கடைசித் தடயமும் அழிந்துபோனது. அன்சிபிலில் ப்ளே தோற்றாலும் ஹேண்ட்லரை ஓட்டும்படி கட்டாயப்படுத்த ஒரு வசதி இருக்கிறது. அதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். உங்களிடம் அன்சிபில் இருந்தால் இன்றைக்கே அதைப் போய்ப் பாருங்கள்.

இந்த மாதிரி விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் அடிக்கடி நினைக்கும் ஒரு சம்பவம் நைட் கேப்பிட்டல். அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய தரகு நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச்சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்கு ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக நைட் தன் ஆர்டர் அனுப்பும் மென்பொருளில் புதுக் கோடு எழுதி, ஜூலை 27 முதல் கொஞ்சம் கொஞ்சமாக எட்டு சர்வரில் ஏற்றியது. ஏழில் ஏறியது. எட்டாவதில் ஏற்ற விட்டுப்போனது. இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. எட்டாவது சர்வரில் பவர் பெக் என்று ஒரு பழைய கோடு இருந்தது, 2003லேயே பயன்பாட்டிலிருந்து போனது, ஆனால் நீக்கப்படவில்லை. புதுக் கோட்டைச் செயல்படுத்த அவர்கள் பயன்படுத்திய ஃப்ளாக் (கோடுக்கு வழிகாட்டும் ஒரு குறி), முன்பு இந்த பவர் பெக்கைச் செயல்படுத்திய அதே ஃப்ளாக்.

காலை 9:30க்குச் சந்தை திறந்தது. எட்டாவது சர்வருக்குப் போன ஆர்டர்களெல்லாம் பழைய கோட்டை எழுப்பின. ஒரு ஆர்டர் எத்தனை பங்கு நிறைவேறிவிட்டது என்று எண்ணி நிறுத்தும் பகுதியை 2005ல் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள், அதனால் பவர் பெக்குக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. வாடிக்கையாளர்கள் கொடுத்தது 212 ஆர்டர். 45 நிமிடத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனை நடந்துவிட்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அன்று காலை 8:01 முதலே, சந்தை திறக்கும் முன்பே, பவர் பெக் பெயரைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல் ஊழியர்களுக்குப் போயிருக்கிறது, எச்சரிக்கை என்ற பெயரில் வராததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் போட்டபோது வெளியிட்ட உத்தரவில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது அதை முழுக்கப் படிக்க வேண்டும்.

அதில் எனக்கு மறக்கவே முடியாத பகுதி அந்த 45 நிமிடத்துக்குள் நடந்தது. ஏதோ தப்பு என்று தெரிந்ததும், புதுக் கோடுதான் காரணம் என்று நினைத்து, சரியாக வேலை செய்துகொண்டிருந்த ஏழு சர்வரிலிருந்து அதை நீக்கினார்கள். விளைவு, அந்த ஏழிலும் பழைய பவர் பெக் எழுந்துகொண்டது. நோய் எட்டாவது சர்வரில் இருந்தது, ஏழுக்கு மருந்து கொடுத்தார்கள். எட்டில் எது தனியாக நிற்கிறது என்று ஒரு வரியில் சொல்ல அன்று அவர்களிடம் ஒன்றும் இல்லை. இது கான்ஃபிக் அல்ல, கோடு சம்பந்தப்பட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே மாதிரி இருக்கிறது என்று நம்பி ஒரே ஃப்ளாக்கை எட்டுக்கும் கொடுக்கிறோம், ஒன்று மட்டும் வேறாக இருக்கிறது, அது யாருக்கும் தெரியவில்லை.

அதனால் அந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் வைத்த முதல் விதி, ஃபைலைக் கேட்காதே, ஓடுவதைக் கேள். கேட்பதற்கு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு வழி இருக்கிறது, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பிஜி செட்டிங்ஸ் என்ற பார்வையில் இப்போது நடைமுறையில் இருக்கும் மதிப்பு, அது எந்த ஃபைலில் எந்த வரியிலிருந்து வந்தது, ஃபைலில் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறதா என்பது வரை இருக்கிறது. அந்தப் பார்வையின் கடைசி நெடுவரிசை, ரீஸ்டார்ட் பாக்கி என்று சொல்வது, 9.5லிருந்து உண்டு, நான் பார்த்த டேட்டாபேஸ் நிர்வாகிகளில் பாதிப்பேர் அதைத் திறந்ததே இல்லை. மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸில் இன்னொரு பொறி. செட் பெர்சிஸ்ட் என்று யாராவது ஒரு மதிப்பை மாற்றினால் அது மெயின் கான்ஃபிக் ஃபைலான மை.சிஎன்எஃப்பில் போகாது, டேட்டா அடைவுக்குள் வேறொரு ஃபைலில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த முறை கிளம்பும்போது மை.சிஎன்எஃப்பில் எழுதியிருப்பதை மீறிவிடும். நீங்கள் மை.சிஎன்எஃப்பை எத்தனை தடவை டிஃப் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. போஸ்ட்கிரெஸின் ஆல்டர் சிஸ்டமும் அதே கதைதான், தனி ஃபைல், மெயின் ஃபைலை மீறும், மூல சர்வரான பிரைமரியில் கொடுத்தது அதன் நகலான ரெப்ளிகாவுக்குத் தானாகப் போகாது.

என்ஜினெக்ஸ் வெப் சர்வரில் முழு கான்ஃபிக்கையும் கொட்டிக் காட்டும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது, பலர் அதைத்தான் ஓடும் கான்ஃபிக் என்று நினைக்கிறார்கள். அது டிஸ்கிலிருந்து படித்துத்தான் கொட்டுகிறது. தொலைவிலிருந்து லாகின் செய்ய வழிவிடும் எஸ்எஸ்எச் டீமனின் அதே மாதிரி ஆப்ஷனும் அப்படியே. இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் விஷயத்தில் இது நன்றாகக் கடிக்கும்: புதுச் சான்றிதழ் ஆறு சர்வரிலும் போய்ச் சேர்ந்திருக்கும், ஒன்றில் மட்டும் என்ஜினெக்ஸ் ரீலோடு ஆகியிருக்காது, அது பழைய சான்றிதழையே நினைவில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும், காலாவதி நாளன்று ஆறில் ஒருவருக்கு மட்டும் பிரவுசர் சிவப்புத் திரை காட்டும். இதற்கு ஒரே வழி, லோட் பேலன்சர் வழியாகப் போகாமல் ஒவ்வொரு சர்வரின் ஐபிக்கும் நேராக டிஎல்எஸ் இணைப்புப் போட்டு என்ன சான்றிதழ் வருகிறது என்று வாங்கிப் பார்ப்பது.

ஒப்பிடுவதற்கு நாங்கள் பயன்படுத்துவது பெரிய கருவி ஒன்றும் இல்லை, கிளஸ்டர்ஷெல். பிரான்சில் சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எழுதியது, ஆயிரக்கணக்கான நோடுகளுக்கு, அதாவது கிளஸ்டரில் இருக்கும் சர்வர்களுக்கு. ஒரு கமாண்டை எல்லா சர்வரிலும் ஓட்டி, ஒரே மாதிரி பதில் சொன்னவர்களை ஒரே குழுவாக்கிக் காட்டும். நாலாம் நம்பர் சர்வருக்கு அன்று இதை ஓட்டியிருந்தால் "நோடு[1-3,5-6]: 65536" என்று ஒரு வரி, "நோடு4: 1024" என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். அறுபது சர்வர் இருந்தாலும் இரண்டே வரி. ஆறு ஜன்னல் திறந்து கண்ணால் ஒப்பிட்ட அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இப்படிக் கூட்டத்தோடு ஒப்பிடுவதில் ஒரு பலவீனம் இருக்கிறது. கூட்டம் தப்பாகவும் இருக்கலாம். ஒருமுறை எங்களுக்கு ஒரு சர்வர் மட்டும் வேறு டிஎன்எஸ் சர்வரின் (பெயரை ஐபியாக்கித் தருவது) முகவரி வைத்திருப்பதாக வந்தது, சரி செய்யலாம் என்று கையைத் தூக்கும் நேரத்தில் பார்த்தால், சமீபத்தில் புதிதாகக் கட்டிய அந்த ஒரு சர்வரில்தான் சரியான முகவரி, மற்ற ஐந்தும் அடுத்த வாரம் நிறுத்தப்போகும் பழைய டிஎன்எஸ் சர்வரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் எங்கள் ஸ்க்ரிப்ட் எதையும் தானாகத் திருத்தாது. "வேறாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லும், எது தப்பு என்று சொல்லாது. நைட்டின் ஏழு சர்வரை நினைத்துப் பார்த்தால் இது ஏன் என்று புரியும்.

ஒரே மாதிரி இருக்கக் கூடாதவையும் இருக்கின்றன, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு விர்ச்சுவல் மெஷினைக் குளோன் பண்ணி அடுத்த நோடாக்கினால், மைஎஸ்க்யூஎல்லின் ஆட்டோ.சிஎன்எஃப்பில் இருக்கும் யூயூஐடியும் (அந்த சர்வரின் தனி அடையாளம்) சேர்ந்து வந்துவிடும், இரண்டும் ஒரே யூயூஐடியோடு ரெப்ளிகேஷன் தொடங்க மறுக்கும். இடிசி அடைவில் இருக்கும் மெஷின் ஐடியும் அப்படியே. உபுண்டு 18.04ல் இரண்டு குளோன்கள் ஒரே மெஷின் ஐடி வைத்துக்கொண்டு ஐபி வழங்கும் டிஎச்சிபியில் ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு அடித்துக்கொள்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். செய்திகளைக் கடத்தும் காஃப்காவில் ப்ரோக்கர் (அதன் சர்வர்) ஐடி ஒன்றாக இருந்தால் இரண்டாவது கிளம்பவே கிளம்பாது. ஆகவே எங்கள் சோதனையில் "ஒன்றாக இருக்க வேண்டும்" என்ற பட்டியலுக்குப் பக்கத்திலேயே "ஒன்றாக இருந்தால் கத்து" என்ற பட்டியலும் இருக்கிறது.

ஒன்றாகவும் இல்லாமல், வேறாகவும் இல்லாமல், ஒரு வரிசைக்குக் கட்டுப்பட்டவையும் உண்டு. போஸ்ட்கிரெஸில் ஹாட் ஸ்டாண்ட்பை (படிக்க மட்டும் திறந்திருக்கும் ரெப்ளிகா) வைத்திருந்தால், அதன் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் பிரைமரியில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். கூட்டும்போது முதலில் ஸ்டாண்ட்பையில் கூட்டிவிட்டு அப்புறம் பிரைமரி, குறைக்கும்போது முதலில் பிரைமரி அப்புறம் ஸ்டாண்ட்பை. தலைகீழாகச் செய்தால் 13ஆம் பதிப்பு வரை ஸ்டாண்ட்பை நின்றேவிடும். 14லிருந்து நிற்காமல் ரிகவரியை, அதாவது பிரைமரியின் மாற்றங்களை ஏற்றுவதை, மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு படிக்கும் வேலைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், யாராவது லாகைப் பார்க்கும் வரை பழைய டேட்டாவையே கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

கான்ஃபிக் என்று நாம் நினைக்காத ஒன்று கான்ஃபிக்காக இருப்பதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் உதாரணம் ஜிலிப்சி, லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம். 2018 ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பில் எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் விதிகளைப் பெரிய அளவில் மாற்றினார்கள். ரெட்ஹேட் லினக்ஸ் 7ல் பழையது, 8ல் புதியது. டெபியன் 9ல் பழையது, 10ல் புதியது. ஓஎஸ் மாற்றும்போது எல்லோரும் செய்வது, முதலில் ரெப்ளிகாவைப் புது ஓஎஸ்ஸில் ஏற்றி, ஒத்துவந்ததும் அதைப் பிரைமரியாக்குவது. போஸ்ட்கிரெஸ் பதிப்பு ஒன்று, கான்ஃபிக் ஒன்று, மொழி விதிகளைக் குறிக்கும் லொகேல் பெயரும் ஒன்றுதான். ஆனால் இன்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கப்பட்டது, தேடுவது புது வரிசையில். இருக்கும் வரியையே இல்லை என்று சொல்லும். யூனிக் இன்டெக்ஸ் இருக்கும்போதே இரண்டாவது வரியை உள்ளே விடும். சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது: "1-1" என்றும் "11" என்றும் இரண்டு வரி எழுதி, அமெரிக்க ஆங்கில யூடிஎஃப்-8 லொகேலில் வரிசைப்படுத்தும் சார்ட் கமாண்டுக்குக் கொடுங்கள். பழைய ஜிலிப்சியில் 11 முதலில் வரும், புதியதில் 1-1 முதலில் வரும். இந்த இரண்டு வரிச் சோதனையை நாங்கள் தினமும் எல்லா டேட்டாபேஸ் சர்வரிலும் ஓட்டுகிறோம். பதிப்பு எண்ணைப் பார்ப்பதைவிட, நடத்தையைப் பார்ப்பது எனக்கு நிம்மதி.

ஃபைலை ஒப்பிடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒப்பிடத்தான் வேண்டும், ரீஸ்டார்ட் ஆனால் நாளைக்கு எது வரும் என்பதை ஃபைல்தான் சொல்லும். கமென்ட்டுகளையும் காலி வரிகளையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள், விண்டோஸில் திருத்திய ஃபைலில் வரி முடிவு மாறியிருக்கும், அதையும் நேராக்குங்கள். ஆனால் வரிகளை சார்ட் செய்துவிட்டு ஒப்பிடாதீர்கள், ஸ்க்ரிப்ட் எழுதும்போது அந்த ஆசை வரும். எஸ்எஸ்எச் டீமன் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும். யாருக்கு நிர்வாகி அனுமதி என்று சொல்லும் சூடோயர்ஸில் கடைசியாகப் பொருந்துவதுதான் செல்லும். கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலின் சின்னச் சின்ன ஃபைல்கள் பெயர் வரிசையில் படிக்கப்பட்டு, பின்னால் வருவது முன்னால் வந்ததை மீறும். ஒரே வரிகள், வேறு வரிசை, வேறு அர்த்தம். அதேபோல் இருக்கும் ஃபைல்களை மட்டும் ஒப்பிட்டால் போதாது, அடைவில் இருக்கும் ஃபைல் பெயர்ப் பட்டியலையே ஒப்பிடுங்கள். ஒரு சர்வரில் மட்டும் யாரோ அவசரத்துக்குப் போட்டுவிட்டுப் போன தற்காலிக ஃபைல் ஒன்று, கான்ஃப் என்று முடிவதால் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அன்சிபில் தான் வைக்காத ஃபைலைப் பற்றி வாயே திறக்காது.

கிளஸ்டர் நோடுகளை ஒருங்கிணைக்கும் கொரோசிங்க் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: அதன் கான்ஃபிக்கில் பதிப்பு எண் என்று ஒரு வரி உண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைக் கூட்டினால், பழைய கான்ஃபிக்கோடு வரும் நோடைக் கிளஸ்டர் சேர்த்துக்கொள்ளாது. கொஞ்சம் சிரமம்தான், ஆனால் எல்லா மென்பொருளிலும் இப்படி ஒன்று இருக்கக் கூடாதா என்று ஏங்க வைக்கும் வசதி. ஆரக்கிள் ஆர்ஏசி (பல நோடுகளில் ஓடும் ஆரக்கிள் டேட்டாபேஸ்) வைத்திருப்பவர்களுக்குக் கிளஸ்டர் வெரிஃபிகேஷன் யுடிலிட்டி இருக்கிறது, ஒரு நோடை முன்மாதிரியாக வைத்து மற்றவற்றின் கர்னல் பாராமீட்டர், பேக்கேஜ், பயனர், குழு எல்லாவற்றையும் ஒப்பிட்டுக் காட்டும். நிறுவும் நாளன்று ஓட்டிவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை ஓட்டினால் என்ன?

எங்களுடையது தினமும் காலை ஆறரைக்கு ஓடுகிறது. வேறுபாடு இல்லாவிட்டால் எந்த மின்னஞ்சலும் வராது, ஓடி முடித்தது என்பது மட்டும் டேஷ்போர்டில் ஒரு நேரமாகத் தெரியும், அந்த நேரம் பழசானால் அலாரம் அடிக்கும். 97 மின்னஞ்சல் கதைக்குப் பிறகு தினமும் வரும் "எல்லாம் நலம்" மின்னஞ்சலில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ப்ராசஸ் கிளம்பிய தேதியையும் கான்ஃபிக் ஃபைல் மாறிய தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஃபைல் புதிது, ப்ராசஸ் பழசு என்றால் தனியாகச் சொல்கிறது. இதை எழுதியது அந்தத் தம்பிதான். முதல் நாள் ஓட்டியபோது இந்தக் கிளஸ்டரில் ஒன்றும் வரவில்லை, பக்கத்துக் கிளஸ்டரில் மூன்று வந்தன.

வேண்டுமென்றே வைத்த வேறுபாடுகளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. எந்த சர்வர், எந்த மதிப்பு, ஏன், யார், எந்தத் தேதியில் மறுபடி பார்க்க வேண்டும். தேதி தாண்டினால் விலக்கு தானாக ரத்தாகி, வேறுபாடு மறுபடி வந்து நிற்கும். இப்போது அதில் பதினோரு வரி இருக்கிறது. பத்துக்குக் காரணம் எழுதியிருக்கிறது. இரண்டாம் நம்பர் சர்வரில் ஸ்வாப்பினெஸ் (நினைவகத்திலிருந்து டிஸ்குக்குத் தள்ளும் முனைப்பு) 1, மற்றவற்றில் 10, அதற்கு மட்டும் "ஏன்" என்ற இடம் காலி. வைத்தவர் வேறு அணிக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. நாளைக்குக் காலையில் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவருக்கு நினைவிருந்தால் எழுதிவைப்போம், இல்லையென்றால் கூட்டம் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து 10க்கு மாற்றி, ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.